கோவிட் வார்டுல நின்னவங்க மனசையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

என் மனைவி ஐசியு ஸ்டாஃப் நர்ஸ். 2020, 21 ரெண்டு வருஷமும் கோவிட் டூட்டி. பிபிஇ கிட் போட்டுட்டா பல மணி நேரம் கழட்ட முடியாது, நடுவுல பாத்ரூம் வந்துட்டா என்ன பண்றதுன்னு டூட்டிக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க, வீட்டுக்கு வந்தா மூக்கு மேல மாஸ்க் அழுத்தின தடம் அப்படியே இருக்கும், பசங்கள தொட பயந்து தனி ரூம்ல படுத்தாங்க. அந்த அசதியெல்லாம் போயிடுச்சு சார். ஒண்ணு மட்டும் போகல.

அப்ப சொந்தக்காரங்கள உள்ள விட முடியாதுல்ல, அதனால கடைசி நேரத்துல வீடியோ கால் போட்டு பேஷண்ட் முகத்துகிட்ட போனை பிடிக்கிறதும் நர்ஸ் வேலை தான். ரெண்டு கிளவுஸ் போட்ட விரலுக்கு டச் சரியா வேலை செய்யாது, அழுத்தி அழுத்தி பார்ப்பாங்களாம். ஒரு நாள் அந்தப்பக்கம் ஒரு பொண்ணு "அப்பா, கண்ணைத் தொறங்கப்பா"ன்னு கூப்பிட்டுட்டே இருந்துருக்கு, இங்க மானிட்டர்ல கோடு நேராயிடுச்சு, கட் பண்ணவும் மனசு வராம இவங்க போனை பிடிச்சபடியே நின்னுருக்காங்க. அப்புறம் உடனே அடுத்த பெட். இன்னிக்கும் வீட்டுல வீடியோ கால் வந்தா எடுக்க மாட்டாங்க, என்கிட்ட நீட்டிடுவாங்க.

இது இவங்க ஒருத்தர் கதை இல்ல. 2020 தொடக்கத்துல சீனாவுல 34 ஆஸ்பத்திரியில 1,257 டாக்டர், நர்ஸ்கிட்ட கேட்டப்ப பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்துச்சு, மூணுல ஒருத்தருக்கு தூக்கமே சரியில்ல. அது ஆரம்பம் மட்டும் தான், அதுக்கப்புறம் எத்தனை அலை வந்துச்சு.

இவங்க ஆஸ்பத்திரியிலயும் கவுன்சலிங் இருக்குன்னு சொன்னாங்க. ஆனா ஃபார்ம்ல மேலதிகாரி கையெழுத்து வேணுமாம்! யாரு போவா சொல்லுங்க? பைத்தியம்னு பேர் வந்துடும், பிரமோஷன் போயிடும்னு பயம் இருக்காதா? நியூயார்க்ல எமர்ஜென்சி டாக்டரா இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரல்ல தன் உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க, வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு பயந்தாங்கன்னு அவங்க குடும்பமே சொல்லுச்சு. டாக்டர், நர்ஸ் மனநலத்துக்காக அவங்க பேர்ல 2022-ல அமெரிக்காவுல ஒரு சட்டமே வந்துச்சு. ஒரு உயிர் போன பிறகு தான் வந்துச்சுங்கிறது எனக்கு இன்னும் வலிக்குது.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. கவுன்சலிங் போறது ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு தெரியவே கூடாது, போற நேரத்தை டூட்டி நேரமா எடுத்துக்கணும், மனசுக்கு ட்ரீட்மெண்ட் எடுத்தியான்னு வேலைக்கோ லைசென்ஸுக்கோ கேக்கவே கூடாது. யோகா கிளாஸ் வைக்கிறது நல்லது தான், ஆனா ரெண்டு பேர் பார்க்க வேண்டிய பெட்டை ஒருத்தர் தலையில கட்டிட்டு யோகா பண்ணச் சொன்னா எப்படிங்க சரியாகும்?

இந்த லெட்டர் எழுதுறேன்னு அவங்ககிட்ட சொன்னேன். "எழுதுங்க, ஆனா பேர் மட்டும் போட்டுடாதீங்க, வார்டுல தெரிஞ்சா ஒரு மாதிரி பார்ப்பாங்க"ன்னு சொன்னாங்க. அதனால பேர் போடல.

இப்படிக்கு,
ஒரு நர்ஸோட கணவர்