பரணில் ஒரு மூட்டை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதக் கை வரவில்லை. "எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிட்டால் ஏமாற்றமும் இல்லை, கண் போனால் போகட்டும்" என்று எழுதியிருக்கிறாய். எழுத்தெல்லாம் கோணி, ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது. வகுப்பிலேயே அழகான கையெழுத்து உன்னுடையது. படித்துவிட்டு இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

வீட்டில் அனைவரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது, கெடிலத்தில் செம்மண் கரைந்து ஓடுகிறது. மற்ற செய்திகளை நேரில் சொல்கிறேன்.

"எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதே" என்று உனக்கு எழுத மாட்டேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்ததற்குப் பிறகு, தேவனாம்பட்டினத்து மக்கள் தங்கியிருந்த மண்டபத்தில் நான் சில நாள் சோறு பரிமாறினேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், துணிமணி கொடுக்க வந்த ஒருவர் "எல்லாம் நன்மைக்கே அம்மா" என்றார். அவள் பதில் பேசவில்லை. மடியில் இருந்த தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள். அன்று அவள் அதன்பிறகு சாப்பிடவே இல்லை. அந்த வார்த்தையை அன்றோடு விட்டவள் நான்.

ஆகவே நீ பயப்படுவது தவறு என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. இந்தக் கரையில் பயமே இல்லாதவர் விவரம் அறியாதவர். என் மாமனாரை நினைத்துப் பார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுக்கு நீ வந்திருந்தபோது, பலாச்சுளையை உன் கையில் வைத்துக்கொண்டே "இந்த வருடம் புயல் உறுதி" என்றாரே, அவரேதான். ஐப்பசி பிறந்தால் பத்திரம், பட்டா, குடும்ப அட்டை எல்லாவற்றையும் உரச்சாக்கின் பிளாஸ்டிக் உள்ளுறையில் சுற்றிச் சணலால் இறுக்கிப் பரணில் ஏற்றிவிடுவார். கூரைமேல் சாய்ந்த கிளைகளைக் கழித்துவிடுவார். அவர் வாயில் நல்ல வார்த்தையே வராது என்று ஊரில் சொல்வார்கள்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காட்டு வீட்டின் ஓடுகள் பறந்து பரணில் மழை கொட்டியது. மூட்டைக்குள் ஒரு தாள்கூட நனையவில்லை. ஆனால் காடு போய்விட்டது. முந்திரி மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. பெரிய பலா இடுப்பளவில் முறிந்திருந்தது. முறிந்த வாயிலிருந்து பால் வடிந்து, அடிமரம் முழுவதும் வெள்ளையாக இறங்கி, அதில் கட்டெறும்புகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. மாமனார் அந்தப் பாலை விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் மர வியாபாரியைத் தேடிப் போனார். அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கினார். "விதைக்கன்று வேண்டாம், எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, சீக்கிரம் காய்க்கிறதைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினார். நான்காவது பங்குனியில் தன் கையால் கொட்டை பொறுக்கினார். அந்த வருடமும் ஐப்பசியில் மூட்டை பரணுக்குப் போனது!

வானத்தின்மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. மண்வெட்டியை ஓங்கினால் குழி விழும் என்பதில் சந்தேகமும் கிடையாது. உன்னிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதை எங்கேயோ விட்டுவிட்டாய். அதுதான் என்னை அரிக்கிறது.

அண்மையில் ஒன்று படித்தேன். 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எப்படியும் தப்ப முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களை, தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற இடத்தில் விட்டார்கள். பல நாய்கள் தாண்டவில்லை. படுத்தபடியே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. படிக்கவே மனம் பொறுக்கவில்லை. கையாலாகாத தன்மையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2016-இல் அதே இருவரும், மூளை ஆராய்ச்சிகளை வைத்து, அது தலைகீழ் என்று எழுதினார்கள். அடிமேல் அடி விழுந்தால் சுருண்டுவிடுவது உயிரின் இயல்பு, அதை யாரும் கற்க வேண்டியதில்லை; 'இதில் என்னால் ஒன்று செய்ய முடியும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். மூன்று வருடத்தில் உனக்கு விழுந்த அடிகளை நான் அறிவேன். நீ சுருண்டதில் உன் குற்றம் எதுவும் இல்லை.

அந்த நாய்களை எப்படி மீட்டார்கள் தெரியுமா? கயிறு கட்டி இழுத்துத் தடுப்பைத் தாண்டவைத்தார்கள். பலமுறை இழுத்த பிறகு தாமாகத் தாண்டத் தொடங்கின.

உன் அண்ணனுக்குக் கண் அறுவைசிகிச்சை சரியாக அமையவில்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அது அவர் கண். புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. போன வருடம் எனக்கு அங்கேதான் புரை எடுத்தார்கள். அதைத் தொடங்கிய டாக்டர் வேங்கடசாமியின் கதை உனக்குத் தெரிந்திருக்கலாம். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கி, புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் பெயரை வைத்தார்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கூடத்துச் சுவர் பழுப்பேறிவிட்டது, வெள்ளையடிக்க வேண்டும் என்று மகனிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், சுவர் வெள்ளையாக இருந்தது. லேசான நீலம்கூடத் தெரிந்தது. வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்துவிடுமாம். நான் அந்தச் சுவர் முன்னால் நின்று அழுதேன்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டதும் பஸ் ஏறித் திருச்சிக்கு வருகிறேன். இரண்டு நாள் உன்னோடு இருந்துவிட்டு, திரும்பும்போது உன்னையும் அழைத்துக்கொண்டுதான் வருவேன். முதலில் பரிசோதனை மட்டும். அறுவைசிகிச்சையா இல்லையா என்பதை டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகு நீயே முடிவு செய். பயத்தோடேயே வா, பயத்தை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. சர்க்கரை பார்த்த சீட்டு, பழைய கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைகள், அண்ணனுக்கு என்ன நடந்தது என்ற விவரம், டாக்டரிடம் கேட்க நினைக்கும் கேள்விகள், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வை.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி