சோற்றை விடாதே மகன்

அன்பு மகனுக்கு,

நீ சோறு, ரொட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டையும் கோழியுமாகத் தின்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். அப்பாவுக்குச் சீனி வியாதி வந்ததிலிருந்து உனக்குப் பயம். அது நியாயம்தான். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளும் கவனமாக இருக்க வேண்டும் என்று கிளினிக் மிஸியும் சொல்கிறார். ஆனால் மாப்பொருளை அடியோடு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதைத் தின்கிறாய், எவ்வளவு, பக்கத்தில் என்ன கறி என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாயி காலத்திலிருந்து நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கோதுமை மா ரொட்டிதான். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போவோம். முதுகில் கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறவளுக்கு அது எரிந்துவிடும். நீ காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழும்புகிறாய். வெள்ளை மாவில் தவிடு இல்லை, நார்ச்சத்தும் குறைவு. அதனால் சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும். கொழும்பில் வாசலுக்கு வாசல் கிடைக்கிற பாண், பனிஸ், ரோல்ஸ் எல்லாம் அதே மாதான்.

அரிசி வாங்கினால் சிவப்பரிசியாக வாங்கு. பெயரை நம்பாதே, கையில் அள்ளிப் பார். சிவப்பு முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். கோடு கோடாக வெள்ளை தெரிந்தால் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கடைப் பார்சலில் சோற்று மலையும் ஓரத்தில் ஒரு துளி கீரையும்தானே வருகிறது? சோற்றில் பாதியை எடுத்து வை, கீரையும் போஞ்சியும் கூடக் கேள். தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, மீதிக் கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ. ஒன்று மட்டும் நம் ஆட்களுக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை: உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது. சோற்றுக்குக் கிழங்குக் கறி, பாணுக்கும் கிழங்குக் கறி என்றால் மாவுக்கு மாவைத்தான் தொட்டுத் தின்கிறோம். நுவரெலியாக் கிழங்கு ருசிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தின்கிற அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்.

ரொட்டி இல்லாமல் உன்னால் இருக்க முடியாது என்று தெரியும். குரக்கன் மா, அதுதான் கேழ்வரகு மா, அனுப்புகிறேன். தனிக் குரக்கனில் சுட்டால் வெடித்து உதிரும், கோதுமையில் இருக்கிற பசை அதில் கிடையாது. பாதிக்குப் பாதி ஆட்டா மா கலந்து, கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு, இரண்டு வெங்காயம் அரிந்து போட்டு, கொதிதண்ணீர் விட்டுக் கரண்டியால் கிளறு. கை பொறுக்கிற சூட்டில் பிசைந்து வாழை இலையில் மெல்லிசாகத் தட்டு. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் நிறைய. அதற்காக ஆறு ரொட்டி தின்னாதே, அதுவும் மாதான். கௌபியும் கடலையும் சேர்த்து அனுப்புகிறேன். இரவில் ஊறப் போட்டு அவித்தால் காலைச் சாப்பாடு ஆச்சு. ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் கோழியில் அது ஒரு கிராம்கூடக் கிடையாது.

அப்புறம் தேத்தண்ணி. சோற்றை விட்ட நீ இதை விட்டாயா? ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி சீனி, கிட்டத்தட்ட 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நிற்பது நல்லது என்கிறார்கள். அதில் பிஸ்கட்டில் ஒளிந்திருக்கிற சீனியும் அடக்கம். ஒரேயடியாக நிறுத்தினால் உனக்குக் கோபம் வரும், அதனால் அரை அரைக் கரண்டியாகக் குறை. சீனி எவ்வளவு என்று காட்ட சோடாப் போத்தலில் 2016இலிருந்து நிறப் பொட்டு போடுகிறார்களே, சிவப்பு என்றால் சீனி கூட, திரும்ப வைத்துவிடு.

வாற மாதம் வெறும் வயிற்றோடு போய் இரத்தத்தில் சீனி பார்த்துவிட்டு எனக்குப் போன் எடு. மா பார்சலைத் தம்பி பஸ்ஸில் கொண்டு வருவான். டப்பாவை மட்டும் திருப்பி அனுப்பு, போன முறை கொடுத்தது இன்னும் வரவில்லை.

அம்மா