கொலைக்கு முன் கொடுத்த மனு என்ன ஆயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கொலை நடந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தனிப்படை அமைத்துக் குற்றவாளிகளைப் பிடித்த செய்தியும், அந்தப் படையினருக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் சான்றிதழ் வழங்கும் படமும் தங்கள் நாளிதழின் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கங்களில் வெளிவருகின்றன. விரைந்து பிடித்தவர்களுக்கு அந்தப் பாராட்டு உரியதுதான். ஆனால் கொலையுண்டவரோ அவருடைய வீட்டாரோ அதே காவல் நிலையத்தில் முன்பே மனு கொடுத்திருந்தார்களா, கொடுத்திருந்தால் அதன்மீது யார் என்ன செய்தார்கள் என்ற விவரம் அச்செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைக் கேட்டு எழுதும் வழக்கத்தைத் தாங்கள் தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இக்கடிதம்.

நான் பாலக்கோடு, பென்னாகரம் வட்டங்களில் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கொலை நடந்த இடத்தில், அங்கே கண்டதைப் பதிவு செய்யும் பார்வை மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட எங்களைத்தான் அழைப்பார்கள். அப்படி ஒருமுறை பங்காளிகளுக்குள் வண்டிப் பாதைத் தகராறில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்த ஊருக்குப் போயிருந்தேன். இறந்தவரின் மனைவி வீட்டுக்குள் போய், ரேஷன் கார்டும் சிட்டா நகலும் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை எடுத்து வந்து காட்டினார். எதிர்த்தரப்பு அரிவாளோடு வந்து மிரட்டியது பற்றிச் சில மாதங்களுக்கு முன் அவர்கள் கொடுத்த மனுவுக்கான ரசீது அது. நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டு, நிலப் பிரச்சினை என்பதால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி, இனித் தகராறு செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்கு வந்திருந்த ஆய்வாளர் அந்த நிலையத்துக்குப் புதியவர். அப்படி ஒரு மனு இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. இரத்தம் படிந்த மண்ணும், படியாத மண்ணும், அரிவாளும் மகஜரில் ஏறின. அந்த ரசீதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் அந்த உயிர் போகவில்லை. பிடிவாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168ஆவது பிரிவு, அத்தகைய குற்றத்தைத் தன்னால் இயன்ற அளவு தடுப்பது ஒவ்வொரு காவல் அதிகாரியின் கடமை என்கிறது. அமைதிக்குப் பங்கம் வரும் என்று தெரிந்தால் 126ஆவது பிரிவின்கீழ் நிர்வாக நடுவர் முன் நிறுத்திப் பிணைப்பத்திரம் வாங்கலாம். நிலத்தால் கலகம் வரும் நிலையில் 164ஆவது பிரிவின்கீழ் விசாரித்து, யார் அனுபவத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புத் தரலாம். பழைய சட்டத்தில் 107, 145 என்று நாங்கள் அன்றாடம் புழங்கிய பிரிவுகள்தாம் இவை. காவல் நிலையம் அறிக்கை அனுப்பினால்தான் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ வேகமாகச் செயல்பட முடியும். ‘சிவில் மேட்டர்’ என்று நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தக் கோப்பு பிறப்பதே இல்லை.

ஓசூரின் ரவுடிப் பகையும், வெட்டிவிட்டுக் கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டிப் போய்விடும் வசதியும் வேறு வகைப் பிரச்சினை. அதற்கு இரு மாநிலக் காவல் துறையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கிராமங்களில் நான் பார்த்தவை வரப்பு, கிணறு, வழித்தடம், கைமாற்று, திருவிழாக் குடிபோதை, காதல் திருமணம் ஆகியவற்றில் மூண்ட பகைகள். இவை ஒரே இரவில் மூள்வதில்லை. ஊரில் பத்துப் பேருக்காவது முன்பே தெரிந்திருக்கும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையடிவார ஊர்களில் யார் வீட்டில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது என்பதும் அப்படித்தான். ரோந்து வரும் பீட் காவலர், வந்து போனதற்கு அடையாளமான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாமல் டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இவை காதில் விழும்.

சாதி மறுப்புத் திருமணங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது, ஒரு திருமணத்தை ஒட்டி அங்கே பல நாட்களாகப் பதற்றம் நிலவியது. 2018 நவம்பரில் ஓசூர்ப் பகுதியிலிருந்து கடத்தப்பட்ட இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் மீட்கப்பட்டன. 2023 மார்ச்சில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை அருகே, காதல் திருமணம் செய்த இளைஞர் பட்டப்பகலில் சாலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய தம்பதியரைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண் ஆகியவற்றுக்கு உத்தரவிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னதோடு, அந்த உத்தரவுகளைச் செயல்படுத்தத் தவறும் அதிகாரிமீது துறை நடவடிக்கை தொடங்கி, கூடுமானவரை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் கூறியது. அப்படி எத்தனை அதிகாரிகள்மீது இவ்விரு மாவட்டங்களில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் காவல் துறை வெளியிட வேண்டும்.

மேலதிகாரிகளையும் பொறுப்பாக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 1992 ஜூனில் பழங்குடியினர் ஊரான வாச்சாத்தியில் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் நடத்திய கொடுமைக்காக, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. என் துறையினரும் அந்தத் தண்டனைப் பட்டியலில் இருந்தார்கள் என்பதை வேதனையோடு இங்கே குறிப்பிடுகிறேன். அந்த உத்தரவு வர 31 ஆண்டுகள் ஆயின.

காவலர் பற்றாக்குறை பொய்யல்ல. ஆடிப்பெருக்கு என்றால் ஒகேனக்கல், பெரிய தலைவர் வந்தால் நெடுஞ்சாலை பந்தோபஸ்து என்று நிலையமே காலியாகும் நாட்களை அறிவேன். ஆனால் வந்த மனுவைப் படித்துக் கோட்டாட்சியருக்கு ஓர் அறிக்கை அனுப்ப இருக்கும் ஆட்களே போதும். தவறு வெளிப்பட்டால் ஆயுதப்படைக்கு மாற்றுவதும், சூடு ஆறியபின் வேறு நிலையத்தில் அமர்த்துவதும் கண்துடைப்பு. மாவட்டப் போலீஸ் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ அந்தப் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் தந்திருக்கிறது. தினமும் காவல் கண்காணிப்பாளருடன் சேர்ந்து மாவட்டத்தை நடத்துபவர் காவல் துறையை எப்படித் தட்டிக்கேட்பார்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். கொலையோ கொலை முயற்சியோ நடந்த 30 நாட்களுக்குள், அந்தத் தரப்பினர் பற்றி முந்தைய இரண்டு ஆண்டுகளில் நிலையத்துக்கும், புதன்கிழமை மனு நாளுக்கும், 100 என்ற எண்ணுக்கும் வந்த புகார்கள் எவை, ஒவ்வொன்றின்மீதும் என்ன செய்யப்பட்டது, செய்யாதவர் எந்தப் பொறுப்பில் இருந்தவர் என்பதைக் காவல் கண்காணிப்பாளர் எழுத்தில் வெளியிட வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அதில் வேண்டியதில்லை. சி.எஸ்.ஆர். பதிவேடும் பொது நாட்குறிப்பும் நிலையத்திலேயே இருக்கின்றன. புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. அடுத்த செய்தியாளர் சந்திப்பில் தங்கள் நிருபர் இந்தக் கேள்வியைக் கேட்டு, கிடைக்கும் பதிலை, பதில் கிடைக்காவிட்டால் அதையும், கைதுச் செய்தியின் கீழேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.