காற்று எங்கே போகிறது, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கோத்தகிரியிலிருந்து போனில் சொன்னதிலிருந்து என் மனசு தாத்தாவின் அந்தக் காற்றுத் துப்பாக்கியிலேயே கிடக்கிறது. "எத்தனை பம்ப் அடிச்சாலும் புஸ்ஸுனு போயிடுது மாமா. கடையில காட்டினேன், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. தாத்தா கன் செத்துப்போச்சு."

சாகவில்லை. அதன் குழாயும் பித்தளையும் இன்னும் உன் வயசுக்கு நிற்கும். போயிருப்பது ரப்பர் மட்டும்தான். ஒரு டீ, ஒரு வடைக் காசுக்குள் அடங்குகிற ரப்பர். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்று எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். இந்த மலையில் பரண் மேல் இப்படி ஒன்று துணி சுற்றிக் கிடக்கிற வீடு உன் வீடு மட்டும் இல்லை.

தாத்தா முதுகில் மாட்டிக்கொண்டு கேரட்டுக்கு மருந்தடித்த ஸ்பிரேயர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கை நெம்புகோலை ஆட்டும், மறு கை நாசிலைப் பிடித்திருக்கும். உன் துப்பாக்கியும் அதே குடும்பம்தான். முன்பக்க மரப்பிடியை விரிக்கும்போது பிஸ்டன் முன்னால், பாரலின் வாய்ப் பக்கம் போகிறது, குழாய்க்குள் காற்று நுழைகிறது. மூடும்போது பிஸ்டன் அந்தக் காற்றை நெருக்கி, ஒரு சின்ன உள்வால்வு வழியாக அறைக்குள் தள்ளுகிறது. உள்ளே போன காற்று திரும்பி வரக்கூடாது, அதற்குத்தான் அந்த வால்வு. டிரிகரை இழுத்தால் சுத்தியல் போய் இன்னொரு வால்வின், அதாவது வெளிவால்வின், தண்டைத் தட்டும். அது திறக்க, காற்று மொத்தமும் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டின் முதுகில் விழும். அவ்வளவுதான் இயந்திரம். பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரிக் குழிந்த ஒரு ரப்பர் கப் வாஷர், வால்வுகள் அழுந்தி மூடுகிற இருக்கைகள், இங்கும் அங்கும் ஓ-ரிங்குகள் என்கிற சில ரப்பர் வளையங்கள். இவற்றில் ஏதோ ஒன்று காற்றை விடுகிறது.

எது என்று தெரியாமல் கழற்றாதே. தாத்தா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ரேடியோவை நிறுத்திவிட்டு, மூன்று பம்ப் அடித்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மலையில் சத்தமே இருக்காது. எங்கிருந்தோ மெல்லியதாக ஒரு "ஸ்ஸ்" வரும். விரலை நீட்டி, "கேட்குதா? வால்வு" என்பார்.

நீயும் அப்படியே செய். பெல்லட் போடாதே, துப்பாக்கியின் வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பிக்கொள். முதல் பம்புக்கும் ஐந்தாவது பம்புக்கும் கையில் கனம் கூடுகிறதா என்று கவனி. கூடவே இல்லையென்றால் பிஸ்டன் தலையிலுள்ள கப் வாஷர் காற்றைப் பிடிக்கவில்லை. கனம் கூடுகிறது, ஆனால் மூடிய பிடி தானாகவே மெல்ல எழும்பி வருகிறது என்றால், உள்வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. இரண்டும் இல்லாமல், கொஞ்ச நேரத்தில் பலம் போய்விடுகிறது என்றால், பெல்லட் போடும் இடத்தை மூடுகிற போல்ட்டைத் திறந்து பாரலின் பின்வாயருகே ஒரு டிஷ்யூ கிழிசலைப் பிடி. அது ஆடினால் வெளிவால்வு. பாரலின் முன்வாயில் மட்டும் காதையோ கண்ணையோ ஒருபோதும் வைக்காதே, பெல்லட் இல்லை என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் சரி.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கப் வாஷர் மேல்தான் சந்தேகம். கழற்றுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி அதற்கு எண்ணெய் கொடுத்துப் பார். பிடியை முழுக்க விரித்தால் குழாயின் அடிப்பக்கத்தில் நீளமாக வெட்டிய காடி வழியாக பிஸ்டன் தலை தெரியும், அதில் இரண்டு சொட்டு. வருஷக்கணக்கில் பரணில் கிடந்து காய்ந்த வாஷர் சில நேரம் அதிலேயே உயிர் பெற்றுவிடும்.

என்ன எண்ணெய் என்று கேட்பாய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் ஊரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. சின்ன வயசில் வீட்டில் கைக்குக் கிடைத்த அதைப் போட்டுவிட்டு, பிஸ்டனைச் சுற்றி மெழுகு மாதிரி அப்பியிருந்ததைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. மண்ணெண்ணெயும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். துரு நீக்கும் ஸ்பிரேயையும் ரப்பர் பக்கம் கொண்டு போகாதே. வாஷருக்கும் ரிங்குகளுக்கும் சிலிகான் எண்ணெய் அல்லது சிலிகான் கிரீஸ். நெம்புகோல் பின்கள் மாதிரி இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்துக்கு சாதாரண மெஷின் ஆயில்.

இன்னொன்று. உறைபனி விழுந்த காலையில் ஆறு மணிக்குச் சோதித்துவிட்டு முடிவு கட்டாதே. குளிரில் ரப்பர் விறைத்திருக்கும். வெயில் ஏறட்டும்.

எண்ணெய்க்கு மசியவில்லை என்றால், சரி, கழற்றலாம். அதற்கு முன் உள்ளே காற்று இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள். பெல்லட் இல்லாமல் டிரிகரை இழு, திரும்ப இழு, சத்தம் முழுக்க அடங்குகிற வரை. அளவுக்கு மீறி பம்ப் அடித்த துப்பாக்கியில் காற்று வால்வை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுத்தியல் தட்டினாலும் திறக்காது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே முழு அழுத்தமும் நிற்கும். தயாரித்தவர்கள் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் பம்ப் அடிக்காதே என்பது இதனால்தான்.

பிடியைக் கோத்திருக்கும் பின்னை மரக்கட்டையில் வைத்து, பின் தட்டுகிற இரும்புக் குச்சியால் (பஞ்ச்) தட்டி எடு. எந்தப் பக்கமிருந்து தட்டினாய் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள். பிஸ்டன் குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். அதன் தலையில் இருக்கும் கறுப்பு வாஷரைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டை விரலால் லேசாக மடக்கிப் பார். நல்ல ரப்பர் மடங்கிவிட்டு உடனே எழும்பும். இது மடங்கின இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகளைக் காட்டும், விட்டதும் மெதுவாகத்தான் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து பளபளக்கும். காற்று போன வழி அதுதான். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் உனக்கே பயம் போய்விடும்.

ஓ-ரிங்குகளை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பல்குச்சி, மூங்கில் சிம்பு, எது மெத்தென்று இருக்கிறதோ அது. உன் வயசில் நான் அவசரத்தில் இரும்பு ஊசியை விட்டு நெம்பினேன். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு கோடு விழுந்தது. புது ரிங் போட்டும் காற்று அந்தக் கோடு வழியாகவே போனது. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. குன்னூரில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டு போய், பக்கத்திலேயே நின்று மயிரளவு சீவித் தரச் சொல்லி, அதற்கேற்றபடி கொஞ்சம் தடித்த ரிங்காகப் போட்டார். அந்தப் பள்ளம் உன் துப்பாக்கியில்தான் இருக்கிறது, நுட்பமாக அளக்கிற வெர்னியர் அளவுகோலை வைத்தால் தெரியும். ஆகவே பழைய ரிங்கை அளந்து வாங்காதே. அது நசுங்கியோ ஊதியோ இருக்கும். பள்ளத்தை அள. உள்விட்டம், தடிமன் இரண்டும் வேண்டும்.

கடையில் கேட்கும்போது நைட்ரில், 70 ஷோர் என்று கேள். முதலாவது ரப்பரின் வகை, இரண்டாவது அதன் கடினத்தின் அளவு. கோவையில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அவர்கள் துப்பாக்கிக்கு என்று வைத்திருக்க மாட்டார்கள், எண்களைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். "பார்ட்ஸ் வராது" என்ற பேச்சு எனக்குக் கோபம் மூட்டுவது இதனால்தான். கப் வாஷர் அளவு கிடைக்காவிட்டால் பாலியூரித்தேன் உருளையில் லேத்தில் கடைந்துவிடலாம். வால்வு வரை போகத் தேவையில்லை என்றால் போகாதே. அந்த ஸ்பிரிங்குகள் தெறித்தால் கட்டிலுக்கடியில் தேடணும்.

காற்றைக் கசியாமல் அடைப்பது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. 1780-ல் ஆஸ்திரியப் படை ஜிராண்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. காற்றுக் கலத்தை நிரப்ப ஆயிரத்து ஐந்நூறு பம்ப் வரை அடிக்கணும். அதன் தோல் வாஷர்களை ஈரமாகவே வைத்திருக்கவேண்டும், காய்ந்தால் காற்று நிற்காது. 1803-ல் அமெரிக்காவின் மேற்கே நிலம் பார்க்கக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கூடவே கொண்டு போனார்கள். அன்றைக்குத் தோல், இன்றைக்கு ரப்பர்.

புது வாஷரைப் போடும்போது உதடு வால்வைப் பார்த்து விரிந்திருக்கவேண்டும். திருப்பிப் போட்டால் காற்றைப் பிடிக்காது. குழாயின் காடி விளிம்பில் உதடு கிழிபடாமல், சிலிகான் தடவி, சுற்றிச் சுற்றி மெதுவாக உள்ளே அனுப்பு. பூட்டியதும் மூன்று பம்ப், ஒரு மணி நேரம் காத்திருந்து டிரிகர். சத்தம் உடனே சுட்டது போலவே கனமாக வந்தால் வேலை முடிந்தது.

எடுத்து வைக்கும்போது பெல்லட் இல்லாமல் ஒரே ஒரு பம்ப் காற்றோடு வை. இந்த ரகத்துக்கு அதுதான் வழக்கம், வால்வு இருக்கையில் அழுந்தியே இருக்கும், தூசி நுழையாது. ஆனால் காற்று இருக்கிற துப்பாக்கி, அதனால் பெட்டியில் பூட்டு, சாவி உன்னிடம். மூடுபனியில் நின்றுகொண்டு பம்ப் அடிக்காதே. அது ஈரக்காற்றையே குடிக்கும், நெருக்கும்போது தண்ணீர் பிரிந்து வால்வறையில் துரு வைக்கும்.

சட்டமும் தெரிந்திரு. பாரலின் துளை 4.5 மில்லிமீட்டருக்குள், வாயில் வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். உன்னுடையது அதற்குள் அடங்கும். ஆனால் 1972-ன் வனவிலங்குச் சட்டம் எந்தத் துப்பாக்கி என்று பார்க்காது. வேலிக்கு வெளியே அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காதே. உன் வீட்டுக் கொய்யா மரத்துக்கு வருகிற நீலகிரி சிரிப்பான் இந்த மலையை விட்டால் வேறு எங்கும் இல்லாத பறவை. தாத்தா கடைசி வரை தகர டப்பாவைத் தவிர எதையும் குறி வைத்ததில்லை. மண் நிரப்பிய மரப்பெட்டி ஒன்று செய்து அதற்கு முன்னால் டப்பாவை நிறுத்து. கல்லிலோ இரும்பிலோ பட்டால் திரும்பி வரும், கண்ணாடி போட்டுக்கொள். பெல்லட் ஈயம், முடிந்ததும் கை கழுவு.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வருவதாகச் சொன்னாயே, அப்படியே பிஸ்டனை மட்டும் பழந்துணியில் சுற்றிக் கொண்டு வா. வெர்னியர் என்னிடம் இருக்கிறது. தாத்தா தடித்த ரிங் போட்ட அந்தப் பள்ளத்தை நாம் இரண்டு பேருமாக அளந்துவிடலாம்.

அன்புடன்,
மாமா