மானிட்டரைத் திருப்பி அனுப்பாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மருத்துவர் மறுபடி படிக்க அனுமதித்துவிட்டார் என்ற வரியைத்தான் முதலில் தேடினேன். அதைக் கண்ட பிறகுதான் மற்றவை மனத்தில் ஏறின. இனிப் பெரிய திரையில் வசதியாகப் படிக்கலாம் என்று ஆசையோடு 27 அங்குல மானிட்டர் வாங்கியிருக்கிறாய். அது வந்த நாள் முதல் உன்னைப் படுத்தும் பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். "மானிட்டரைத் திருப்பி அனுப்புவதா, லினக்ஸுக்கு முழுக்குப் போடுவதா என்று புரியவில்லை" என்று முடித்திருந்தாய். இரண்டும் வேண்டாம். கொஞ்சம் பொறுத்து இந்தக் கடிதத்தைப் படி.

நான் சென்ற ஆண்டு இதே அளவில் ஒரு 4கே மானிட்டர் வாங்கினேன். புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் வேலைக்குப் பழைய திரை போதவில்லை. நீ எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை எனக்கும் வந்தன. மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது. கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. திடீரென்று திரை இருண்டு மீண்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கேள்வியிலிருந்துதான் பிடித்தேன்: மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினியிடம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இடிஐடி என்ற சிறு தரவு இருக்கிறது. மானிட்டர் கணினியிடம் நீட்டும் அறிமுகச் சீட்டு என்று வைத்துக்கொள். 1994-இல் வீசா என்ற வீடியோ தரநிலை அமைப்பு அதை வகுத்தது. அடிப்படைப் பகுதி 128 பைட்தான். தயாரிப்பாளர் யார், திரை எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்த ரெசல்யூஷனில், அதாவது எத்தனை பிக்சலில், இயங்க விரும்புகிறது என்பதெல்லாம் அதில் அடக்கம். எச்டிஎம்ஐ என்ற வீடியோ இணைப்பு தொடர்பான விவரங்கள் அதைத் தொடர்ந்து வரும் கூடுதல் பகுதியில் இருக்கும். கேபிளைச் செருகியதும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இதைப் படித்து, என்னென்ன ரெசல்யூஷன் தரலாம் என்று பட்டியல் போடுகிறது. உன் டெஸ்க்டாப் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 முறை படம் மாறுவது, என்ற தேர்வே இல்லை என்றால், பெரும்பாலும் அதை டெஸ்க்டாப் மறைக்கவில்லை. மானிட்டர் அதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னதைக் கணினியாலோ இணைப்பாலோ நிறைவேற்ற முடியவில்லை.

இந்தச் சீட்டை நாமே படிக்க முடியும் என்பது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால், கணினியின் ஒவ்வொரு வீடியோ துளைக்கும் ஒரு கோப்புறை இருக்கும். அதில் இடிஐடி என்ற கோப்பு இருக்கும். அதைப் படித்தால் ஒன்றுமே வரவில்லை என்றால், இருவருக்கும் இடையே பேச்சே நடக்கவில்லை என்று பொருள். அப்போது கேபிளையும் இடையில் இருக்கும் அடாப்டரையும்தான் சந்தேகிக்க வேண்டும். தரவு வந்தால் இடிஐடி-டிகோட் என்ற சிறு கருவி அதைப் படிக்கும்படி விரித்துக் காட்டும்.

என் மானிட்டரில் அப்படி விரித்துப் பார்த்தபோது, எச்டிஎம்ஐ பகுதியில் உச்ச வேகம் 300 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலேயே விடை கிடைத்துவிட்டது. கணக்கை நீயும் போட்டுப் பார். 4கே என்பது கண்ணுக்கு 3840 பெருக்கல் 2160 பிக்சல். ஆனால் கேபிளில் ஓரங்களுக்கான வெற்று நேரத்தையும் சேர்த்து 4400 பெருக்கல் 2250 போகிறது. அதை 60-ஆல் பெருக்கினால் 59 கோடியே 40 லட்சம், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். முப்பதால் பெருக்கினால் 297. முந்நூறு என்று சொல்லும் மானிட்டருக்கு 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். வினாடிக்கு 30 முறை மட்டுமே படம் மாறினால் மவுஸ் அம்பு தத்தித் தத்தித்தான் நகரும். வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றுவதாலோ, லினக்ஸையே புதிதாக நிறுவுவதாலோ இது தீராது.

பிறகு மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தேன். திரைக்குப் பின்புறம் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வருமே, அதுதான். அங்கே ஒரு மூலையில் எச்டிஎம்ஐ பதிப்பு என்று ஓர் அமைப்பு. தொழிற்சாலையிலிருந்தே 1.4 என்று வைத்து அனுப்பியிருந்தார்கள். பழைய சாதனங்களோடு தகராறு வராமலிருக்க அப்படி வைக்கிறார்கள் போலும். எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சம் 340 மெகாஹெர்ட்ஸ். 2013-இல் வந்த 2.0-இல் அது 600 ஆயிற்று. அமைப்பை 2.0-க்கு மாற்றியதும் திரை ஒரு நொடி இருண்டு மீண்டும் வந்தது. மறுபடி தரவைப் படித்தேன். முன்பு இல்லாத ஒரு புதுப் பகுதி சேர்ந்திருந்தது, அதில் 600 மெகாஹெர்ட்ஸ். டெஸ்க்டாப் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. எந்தக் கோப்பையும் நான் திருத்தவில்லை.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது அந்த மெனுவை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பெயர் மாறும். எச்டிஎம்ஐ பதிப்பு என்றும் இருக்கலாம், அல்ட்ரா எச்டி நிறம் என்றும் இருக்கலாம். டிஸ்ப்ளே போர்ட் என்ற மற்றொரு வகை இணைப்பிலும் 1.1, 1.2 என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் மானிட்டர்கள் உண்டு.

அடுத்து, உன் திரை இடையிடையே இருண்டுபோவது. எனக்கு 60 ஹெர்ட்ஸ் வந்த பிறகுதான் இது தொடங்கியது. இருமடங்கு வேகத்தில் தரவு போகும்போது, 30 ஹெர்ட்ஸைத் தாங்கிய கேபிள் திணறுகிறது. மானிட்டர் தொடர்பை இழந்து மீண்டும் பிடிக்கிறது. படம் மங்குவதோ கோடு விழுவதோ பெரும்பாலும் இல்லை. வந்தால் சுத்தமாக வரும், இல்லையென்றால் இருண்டுவிடும். அதனாலேயே மானிட்டர் பழுது என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பிரீமியம் ஹை ஸ்பீடு என்று சான்று பெற்ற, நீளம் குறைந்த ஒரு கேபிளை வாங்கிப் போட்டுப் பார். வினாடிக்கு 18 கிகாபிட் வரை சோதித்துத் தரப்படும் சான்று அது. எனக்கு அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

உன் கணினியில் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு இருப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் டிஸ்ப்ளே போர்ட்டையே பயன்படுத்து என்பேன். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 போதும்தான். ஆனால் பின்னாளில் 120 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் போனால் 2.1 வேண்டியிருக்கும். அதைத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்கவில்லை என்பது 2024 தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. எழுதிய நிரலை வெளியிட ஒரு தரநிலை அமைப்பு தடையாக நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பணம் கொடுத்து வாங்கிய திரையும் கார்டும் முழுத் திறனோடு இயங்க வேண்டாமா?

கறுப்பு சாம்பலாகத் தெரிவதற்கு வருகிறேன். தொலைக்காட்சி உலகத்தில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எண்ணுவது வழக்கம். கணினி உலகத்தில் 0 முதல் 255 வரை. எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. அதனால் தொலைக்காட்சிக்குரிய ரெசல்யூஷன் வந்தால் சில டிரைவர்கள் முதல் வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. மானிட்டரோ இரண்டாவதை எதிர்பார்க்கிறது. கணினி 16 என்று அனுப்பும் கறுப்பை அது வெளிர் கறுப்பாகக் காட்டுகிறது. இரு பக்கமும் ஒன்றுபட வேண்டும், அவ்வளவுதான். என்னுடைய இன்டெல் சிப்பில் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற பண்பை 'ஃபுல்' என்று மாற்றினேன். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் திரை அமைப்புகளிலேயே ஆர்ஜிபி வரம்பு என்று இருக்கிறது. உன்னிடம் அந்தத் தேர்வு தென்படாவிட்டால் மானிட்டர் மெனுவில் பிளாக் லெவல் என்பதை மாற்றிப் பார். மாற்றிய கணம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு நிறச் சிக்கலும் உண்டு. நீல நிறப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை எழுதிப் பார். ஓரங்கள் கரைந்து, எழுத்து கலங்கித் தெரிந்தால், வேகம் போதாமல் கணினி நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று பொருள். 4:2:0 என்று மானிட்டர் விவரங்களில் காண்பாய். நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல். படம் பார்க்க அது போதும், எழுத்து படிக்கப் போதாது. அதுவும் வேகம் உயர்ந்தால் தீர்ந்துவிடும்.

எழுத்து எறும்பு போல் இருக்கிறது என்று ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்று குறைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை மறுபடி 3840-க்கு 2160 ஆக்கு. 27 அங்குலத்தில் 4கே என்றால் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல். அந்த நெருக்கம்தான் நீ வாங்கிய பொருளின் மதிப்பே. ரெசல்யூஷனை அப்படியே விட்டு, எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை உயர்த்து. பலர் 150 சதவீதம் வைப்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த கண்ணுக்கு 200 சதவீதமே சரி. ஒரு பிக்சலுக்கு நேராக நான்கு பிக்சல் வருவதால் பழைய மென்பொருள்களிலும் எழுத்து சிதையாது. 150 வைத்தால், திரையில் படம் காட்டும் புதிய அமைப்பான வேலண்டில் இயங்கும்போது, அதற்கு முந்தைய அமைப்பான எக்ஸ் காலத்துச் செயலிகள் சில மங்கலாகத் தெரியலாம். எல்லாம் சரியானதும் 'ஃ' எழுத்தைப் பெரிதாக்காமல் அப்படியே பார். மூன்று புள்ளிகளும் தனித்தனி வட்டமாக நிற்கும். மெய்யெழுத்துப் புள்ளியும் மேலே உள்ள கோட்டோடு ஒட்டாது. பழைய திரையில் மெய்ப்புப் பார்க்கும்போது விட்டுப்போன புள்ளிகளை உருப்பெருக்கித் தேடிய எனக்கு இது பெரும் விடுதலை. இப்போது கையில் இருக்கும் மறுபதிப்பு வேலையில் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் கண் எரிவதில்லை.

சில மானிட்டர்கள் இடிஐடியில் தம் அகலம் 16 சென்டிமீட்டர், உயரம் 9 என்று சொல்லும். விகிதத்தை அளவாக எழுதிவிட்ட சோம்பேறித்தனம் அது. அப்படியிருந்தால் எழுத்துகள் காரணமில்லாமல் ராட்சத அளவுக்கு வளர்ந்து நிற்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய ஆலோசனைகளில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடு. எக்ஸின் திரைக் கட்டளையான எக்ஸ்ரேண்டரில் புது மோடு சேர் என்று பத்து வரிக் கட்டளை கொடுப்பார்கள். வேலண்டில் அது பலிக்காது. எக்ஸிலும் மானிட்டர் சொல்லாததை அதன்மேல் திணிப்பதுதான் அது. தரவே உண்மையில் கெட்டுப்போயிருந்தால் திருத்திய இடிஐடி கோப்பைக் கெர்னலிடம் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது கடைசி மருந்து. ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் வருகிறது, எல்லாமே மந்தமாக இருக்கிறது என்றால் மட்டும், கணினி துவங்கும்போது கெர்னல் திரையை அமைக்காமல் தடுக்கும் நோமோட்செட் என்ற சொல் கெர்னலுக்குப் போகிறதா என்று பார். நிறுவும்போது யாரோ சேர்த்தது அப்படியே தங்கிவிடுவது உண்டு. அதை எடுத்துவிட வேண்டும்.

நாம் முதன்முதலில் லினக்ஸ் நிறுவியது கண்ணாடிக் குழாய் மானிட்டர் காலம். கிடைமட்ட அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் என்று ஒவ்வொரு எண்ணையும் கையேட்டில் தேடி எக்ஸின் அமைப்புக் கோப்பான எக்ஸ்எஃப்86 கோப்பில் எழுத வேண்டும். தவறான எண் மானிட்டரையே கெடுத்துவிடலாம் என்று எச்சரிக்கை வேறு. விடிய விடிய உட்கார்ந்து அந்த எண்களைச் சரிபார்த்தவன் நீ. 2009-இல் வந்த 2.6.29 கெர்னல் தொடங்கி அந்தப் பொறுப்பையெல்லாம் கெர்னலே ஏற்கத் தொடங்கியது. அத்தனை பொறுமை இருந்த நீ ஒரு மெனு அமைப்புக்காக லினக்ஸை விடலாமா?

மானிட்டர் மெனுவையும் கேபிளையும் பார்த்த பிறகும் தீராவிட்டால், இடிஐடி-டிகோட் காட்டுவதை முழுதாக நகலெடுத்து எனக்கு அனுப்பு. கூடவே கெர்னல் பதிவில் டிஆர்எம் என்று தொடங்கும் வரிகளையும் அனுப்பு. முதலாவதில் மானிட்டரின் வரிசை எண் இருக்கும். வேறு யாரிடமாவது காட்டுவதானால் அதை மட்டும் அழித்துவிடு. புதுக் கண்ணாடி எண் எப்போது தருவார்கள் என்பதையும் மறக்காமல் எழுது. அதற்கு முன் நெடுநேரம் திரையைப் பார்க்க வேண்டாம். கேபிள் மாற்றும் வேலையை மகளிடம் விடு, மேசைக்கு அடியில் நீ குனியாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்