கூரை ஏறி அளந்துவிட்டு இணைப்பு கொடுங்கள்

சேர்வராயன் மலை ஊர்களில் டவர் வழியாக வீட்டு இணையம் தரும் நிறுவனங்களின் சேலம் பகுதிப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் 636601 என்று பின்கோடு அடித்தால் ‘சேவை உண்டு’ என்று வருகிறது. ஏற்காடு டவுனும் அந்தப் பின்கோடுதான், சரிவுக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடும் அதே பின்கோடுதான். டவுனில் ஓடும் கருவி தோட்டத்து வீட்டில் ஓடுவதில்லை. கேட்டால் ‘மலையில் அப்படித்தான்’ என்று பதில் வருகிறது. மலைக்குப் பொருந்தாத கருவியைக் கொடுத்துவிட்டு மலையைக் குறை சொல்லாதீர்கள்.

வேகம் தரும் 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அலை, சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடர்ந்த இடத்தில் தேய்ந்துவிடும். பலரும் பனிமூட்டத்தைப் பழிக்கிறார்கள். இந்த அலைவரிசைகளில் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலைதான் சிக்னலைக் குடிக்கிறது. 700, 850 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இலையைத் தாண்டி ஓரளவு வரும், ஆனால் அவற்றில் வேகம் குறைவு. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கச் சரிவில் நிலைமை நேர்மாறு. கீழே சேலம் முழுவதும் திறந்து கிடப்பதால் பல டவர்களின் சிக்னல்கள் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. சிக்னல் ஃபுல்லாகக் காட்டும், பக்கம் திறக்காது. அங்கே வேண்டியது ஒரு டவரை மட்டும் பார்க்கும் திசை ஆன்டெனா.

ஆகவே, பணம் வாங்கும் முன் கூரையில் நான்கு திசையிலும் சிக்னலை அளந்து, வரும் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலு) -95க்கு மேல், எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவே சிக்னலின் தெளிவு) 10க்கு மேல் இருந்தால் வீட்டுக்குள் வைக்கும் ரூட்டரே போதும். வலு -105ஐத் தாண்டி இறங்கினால் வெளியில் மாட்டும் கருவி வேண்டும். -115க்குக் கீழே என்றால் இணைப்பு தர முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். இரவு 8 மணிக்கும் ஒருமுறை வேகம் பாருங்கள். டவரில் நெரிசல் இருந்தால் எந்த ஆன்டெனாவும் உதவாது.

நீங்கள் கொடுக்கும் ரூட்டர்கள் பலவற்றில் ஆன்டெனா மாட்ட வழியே இல்லை. வழி உள்ளதற்கு ஆன்டெனா வாங்குபவர்கள் கடையில் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிளைப் போடுகிறார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அது 10 மீட்டருக்கு 7, 8 டெசிபெல் சிக்னலைத் தின்றுவிடும். 10 டெசிபெல் கூட்டித் தரும் ஆன்டெனா போட்டும் மிஞ்சுவது 2, 3 டெசிபெல்தான். எல்எம்ஆர்-400 கேபிள் என்றால் அதே நீளத்துக்கு இழப்பு 2 டெசிபெல்தான், ஆனால் தடிமன், விலையும் அதிகம். இதைவிட, டவர் சிக்னலை வாங்கும் மோடத்தையே கம்பத்தில் ஏற்றி, கேட்-6 கேபிளில் டேட்டாவையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்புவதே சரி. 100 மீட்டர் வரை தாங்கும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு மேட்டில் கம்பம் நடலாம். மின்னல் விழும் மலை, கம்பத்துக்கு எர்த் கட்டாயம். வெளியில் இருக்கும் கனெக்டரை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றாமல் விட்டதைக் கழற்றிப் பார்த்தால் நடு ஊசியில் பச்சை பூத்திருக்கும். ஒரு மழைக்காலம் போதும் அதற்கு. கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கரண்ட் போனால்? வெளிக்கருவிகள் பலவற்றுக்கு 48 வோல்ட் வேண்டும். ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் அதை ஓட்டாது. கருவியோடு சேர்த்து அதற்கேற்ற யுபிஎஸ்ஸையும் கொடுங்கள்.

வழி தெரியாதவர்கள் ஆன்லைனில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டுகிறார்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். ஒரு வீட்டுப் பூஸ்டர் இரைச்சல் கிளப்பினால் சுற்றுவட்டாரத்துக்கே டவர் கெடும். சிக்னல் எண்ணைக் காட்டும் பக்கத்தை ரூட்டரில் பூட்டி வைக்காமல் திறந்துவிட்டால், கருவியை எந்த ஜன்னலில் வைப்பது என்று மக்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4ஜி, 5ஜி என ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த விதி. நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் ஊர்களுக்கு அந்த வரைபடத்தைக் கூரை அளவை வைத்துத் திருத்துங்கள். அளவெடுக்க வெயில் நாளில் வர வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் காலை, இலை காயும் முன் வாருங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து மலை ஊர்களுக்கு நெட்வொர்க் வேலைக்குப் போகும் டெக்னீஷியன்கள்