தகரப் பெட்டிகளும் பால் கேன்களும்

அன்புள்ள ராஜி,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. நான் போலந்தில், வார்சாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்குப் பள்ளி பிடித்துவிட்டது. குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே யூத வரலாற்று நிறுவனத்துக்குப் போய்வந்தேன். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் காகிதங்களோடே வாழ்ந்தவள் நீ. உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். போருக்கு முன்பு அது யூதர்களின் நூலகம். பக்கத்திலிருந்த பெரிய தொழுகைக் கூடத்தை நாஜிகள் 1943 மே 16 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போது பற்றிய தீயின் கருகல் நூலகக் கூடத்துத் தரையில் இன்றும் தெரிகிறது.

1940 நவம்பரில், யூதர்களை ஒதுக்கிவைத்த பகுதியான வார்சா கெட்டோவைச் சுவர் வைத்து அடைத்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. இமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் அங்கே ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் மதகுருமார்களையும் ரகசியமாகச் சேர்த்து, நடப்பதையெல்லாம் எழுதவைத்தார். என்னவெல்லாம் சேர்த்தார்கள் தெரியுமா? ரேஷன் அட்டை, மிட்டாய்த் தாள், நாடகச் சுவரொட்டி, பள்ளிக் குழந்தைகளின் கட்டுரை. பசியில் செத்துக்கொண்டிருந்தவர்கள், ராஜி! தங்கள் கதையைக் கொலைகாரன் எழுதிவிடக் கூடாது என்ற உறுதி அவர்களுக்கு. பின்னாளுக்காக மட்டும் அல்ல. கெல்ம்னோ கொலைக்களத்திலிருந்து தப்பிவந்த ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்து, செய்தியை 1942-லேயே லண்டன் வரை சேர்த்தார்கள். உலகம் அசையவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

1942 ஜூலையில் மக்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றத் தொடங்கியதும், லிக்டன்ஷ்டைன் என்ற ஆசிரியர் தன் பழைய மாணவர்கள் இரண்டு பேரோடு பள்ளியின் நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார். ஒரு பையனுக்கு 19 வயது. உலகத்தை நோக்கிக் கத்த முடியாததை மண்ணில் புதைத்திருக்கிறோம் என்று எழுதிவைத்தான். ஆசிரியர் தன் உயிலில் கேட்டது மனைவியையும் குழந்தையையும் நினைவில் வைக்கச் சொல்லி. மனைவி கேலா செக்‌ஷ்டைன் ஓவியர். அவர் படங்களும் பெட்டிக்குள் போயின. குழந்தை மார்கலித்துக்கு 20 மாதம். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஏறக்குறைய 60 பேர் இருந்த குழுவில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். ரிங்கல்பிளம் 1944-இல் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். பிழைத்தவர்களில் ராகேல் அவுர்பாக் என்பவர், தேடுங்கள் தேடுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். 1946-இல் இடிபாடுகளைத் தோண்டிப் பெட்டிகளை எடுத்தார்கள். தண்ணீர் உள்ளே இறங்கித் தாள்களெல்லாம் ஊறிக் கிடந்தனவாம். பின்னொரு முறை புதைத்துவைத்த இரண்டு பால் கேன்கள் 1950-இல் கிடைத்தன. அவற்றில் காகிதம் நன்றாகவே இருந்திருக்கிறது. அதில் ஒரு கேனைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது புதையல் இன்றுவரை அகப்படவில்லை.

மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். இணையத்திலேயே பார்க்கலாம். ஓய்வில்தானே இருக்கிறாய், பெரிதாக்கிப் பார். ஊறிய தாளைப் பிரித்தெடுத்த பக்குவம் உனக்குத்தான் புரியும். அப்புறம், பழைய பதிவேடுகளைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாயே, ஆரம்பித்துவிட்டாயா? பதில் போடு.

அன்புடன்,
விசாலம்